வத்சலா அக்கா திருத்தாமல் விட்டது

இல்லை, இதயம் அல்ல. சிறுநீரகத்தில் தொடங்கிய கிருமித்தொற்று இரத்தத்தில் பரவிவிட்டது. அக்காவின் செத்தவீட்டில் கேட்ட எல்லோருக்கும் இதையே சொன்னேன். இரத்தக் கொழுப்பு, கொலஸ்ரோல் கூடவோ என்றும் சிலர் கேட்டார்கள். குறைவு. மிகவும் குறைவு.

செய்தி வந்தபோது ஆய்வுகூடத்தில் இருந்தேன். நோயாளர் வாட்டிலிருந்து தாதி தொலைபேசி எடுத்தார். "டொக்டர் வத்சலா" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மருத்துவர் அவர். அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் போல எனக்கும் அக்கா.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் பேச்சு வாங்கியிருப்பீர்கள். வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி, காலில் ஆணி குத்திய புண்ணோடு வந்திருந்தார். கடும் காய்ச்சல், நினைவு தடுமாற்றம். அறிக்கையைப் பார்த்த மகன், ஐயாவின் கொலஸ்ரோல் பாதியாகிவிட்டது என்று வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவரை மறித்தார்.

"தம்பி, உது நல்ல செய்தியில்லை. கிருமியின்ரை நஞ்சைப் பிடிச்சு ஈரலுக்குக் கொண்டுபோறதிலை இந்தக் கொழுப்புக்கும் பங்கிருக்கு. இப்பிடிக் குறைஞ்சா வருத்தம் கடுமை எண்டு அர்த்தம்."

நல்லதாக ஒன்றும் சொல்லத் தெரியாதா என்று மகன் சினந்தார். தெரியும், இப்போது இல்லை என்றார் அக்கா.

அந்தக் கடற்றொழிலாளி பிழைத்தார். பிறகு கிளினிக்குக்கு வந்தபோது கொலஸ்ரோல் பழையபடி ஏறியிருந்தது. மனிதர் முகம் வாடிப்போய் நின்றார். அக்கா மட்டும் சிரித்தார். "உம்மடை கொலஸ்ரோல் ஏறினதுக்குச் சந்தோசப்படுற ஒரே ஆள் நான்தான். இனிக் குறைப்பம்."

கொழுப்புக் குறைவதால் நோய் முற்றுகிறதா, நோய் முற்றுவதால் கொழுப்புக் குறைகிறதா என்று ஒருமுறை கேட்டேன். "முழுசாத் தெரியேல்லை. நீர் கண்டுபிடிச்சாச் சொல்லும், நானும் படிக்கிறன்" என்றார்.

தான் நோயில் படுத்தபோதும் கொலஸ்ரோல் பரிசோதனையை அக்காவே கேட்டார். நான் அறிக்கையைக் கொண்டுபோனேன். அவர் கணவர் கணேசன் அண்ணை அதை முதலில் வாங்கினார். வாசித்ததும் முகம் மலர்ந்தது.

"பாருமப்பா, கொலஸ்ரோல் எவ்வளவு குறைஞ்சிட்டுது. நான் ஆட்டிறைச்சியை நிப்பாட்டினது வேலை செய்துபோட்டுது."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓமப்பா. நல்லது. நீங்கள் வீட்டை போய்ப் படுங்கோ."

ஆய்வுகூடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் அக்கா இறந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று கணேசன் அண்ணை என்னை வேலியோரம் கூட்டிப்போனார். கொழும்புத்துறைக் கடலிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. கொலஸ்ரோல் குறைந்ததன் பொருளை வந்தவர்களில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"பிள்ளை, நீரும் நிண்டனீர். அவ நல்லது எண்டு சொன்னவ. அது நல்லதோ?"

நல்லதில்லை என்றேன். அக்காவுக்கு அது தெரியும் என்றும் சொன்னேன்.

"அண்டைக்கு நான் நல்லா நித்திரை கொண்டனான்" என்றார் அண்ணை.

குற்றமாகச் சொன்னாரா, நன்றியாகச் சொன்னாரா, தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அக்காவின் விளக்கங்கள் எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. நான் வைத்திருப்பது அன்று அவர் சொன்ன அந்த "ஓமப்பா"வை.

உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.