மிசின் நின்றதும் எழுந்துவிடும் அம்மா

என் அம்மாவின் முதலாண்டு நினைவான ஆட்டைத் திதிக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, இந்த நினைவுமலர்ப் பக்கத்தை அம்மாவிடம் காட்டியிருந்தால், "எனக்கென்னத்துக்கு இவ்வளவு கதை?" என்றுதான் கேட்டிருப்பார்.

அம்மா கடலோரக் கிராமமான உடப்பில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவை மணமுடித்து அவருடைய ஊரான மாம்புரிக்கு வந்தபோது தோட்டவேலை எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த மணலில் வெங்காயம் விளைய ஓயாமல் தண்ணீர் இறைக்க வேண்டும். அப்பாவின் மண்ணெண்ணெய் இறைப்பு மிசின் ஓடும்வரை அம்மா வீட்டுவேலை பார்ப்பார். மிசின் நின்றதும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, சாப்பாட்டுத் தட்டான கோப்பையில் சோறு போடுவார். அப்பா கைகால் கழுவி வரும்போது சோறு காத்திருக்கும். பயிர் அழிந்த காலத்திலும் நாடு கெட்டுக்கிடந்த காலத்திலும் இது மாறியதில்லை.

அப்பா காலமான பின் அம்மாவை லண்டனுக்கு அழைத்து வந்தேன். இனி என்னோடேயே இருக்கட்டும் என்பது என் ஆசை. ஒரே பிள்ளை நான். எனக்கும் அங்கே வேறு யாருமில்லை. அம்மா பகலெல்லாம் யன்னலோரம் கதிரையில் உட்கார்ந்திருப்பார். "இங்க ஒரு சத்தமும் இல்லையே பிள்ளை" என்பார்.

ஒரு ஞாயிறு அவரை, பழைய இயந்திரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலத்தில் நகருக்கே குடிநீர் இறைத்த நீராவி இயந்திரங்கள் அங்கே இருக்கின்றன. எங்கள் வீட்டைவிட உயரமான ஒன்றை அன்று ஓடவிட்டிருந்தார்கள்.

"இது எவ்வளவு மண்ணெண்ணெய் குடிக்கும்?"

"எண்ணெய் இல்லையம்மா. தண்ணியக் கொதிக்க வெச்சு, அந்த ஆவியில ஓடுது."

"அப்ப சுடுதண்ணி குடிச்சிட்டுத்தான் இறைக்குது. உன்ட அப்பா மாதிரித்தான். சுடச்சுடப் பிளேன்ரீ உள்ள போகாம மிசினைத் தொடமாட்டாரே."

அப்பா போன பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன். சுவரோரம் உட்கார்ந்து கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாலையில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அம்மா சட்டென்று எழுந்தார். கோட்டின் கைகளை மடித்துவிட்டபடி இரண்டடி நடந்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

திரும்பி வரும் வழியில், "என்னை ஊருக்கு அனுப்பிவிடு" என்றார்.

"அங்க யாரம்மா இருக்கிறாங்க?"

"பக்கத்துத் தோட்டத்துல மிசின் ஓடும். அது காணும், வேறொண்டும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற மகளைவிட மிசின் பெரிதா? ஆனாலும் அனுப்பிவைத்தேன்.

அண்ணன் முறையில் நானா என்று ஊரே அழைக்கும் பக்கத்துத் தோட்டத்து முஸ்லிம்காரர் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, தனியாக வெங்காயம் செய்பவர். அவருடைய மிசின் நின்றதும் அம்மா அவருக்கும் ஒரு கோப்பை சோறு போட்டார். நான் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாலும், "மிசின் நிண்டிட்டுது, வைக்கிறன்" என்று வைத்துவிடுவார்.

அம்மாவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், உடப்பிலிருந்து வந்து கூடவே இருந்த சித்திக்கும் என் மனமார்ந்த நன்றி. நானாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் மாம்புரியில் விடாத மழை. இறைக்கத் தேவையே இருக்கவில்லை. அப்படியிருந்தும் நானா தினமும் மிசினைப் போட்டு, இறைத்த தண்ணீரைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விட்டிருக்கிறார். "அக்காவுக்குச் சத்தம் கேக்கட்டும் எண்டுதான் பிள்ளை" என்றார். அம்மா கண்மூடிய செய்தி போன பிறகே அதை நிறுத்தினாராம்.

இந்தத் திதிக்குப் புறப்படுமுன் அந்த நூதனசாலைக்குத் தனியே போனேன். இயந்திரம் ஓடி நின்றது. எல்லோரும் போன பின்பும் உட்கார்ந்திருந்தேன். பூட்டும் நேரம் என்றார்கள். எழுந்தேன். என் கையால் சோறு போடத்தான் ஒருவருமில்லை.