வெளிக் கைகாட்டியில் நின்ற வண்டி

நான் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் ஒரு ரயில் டிரைவர் தன் எஞ்சினை இழந்தார். பிறந்த தெருவையும் இழந்தார். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனுக்கு மாஸ்டர். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

எழுபதுகளின் தொடக்கம். ஆட்சி மாறி, நில உச்சவரம்பு, குத்தகை என்று புதுச் சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. அப்பா வயல்களைச் சித்தப்பா பேருக்கும் அத்தை பேருக்கும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தை மாதம் கூலி உயர்த்தச் சொல்லி ஆட்கள் அறுவடைக்கு இறங்கவில்லை. கதிர் சாய்ந்து கிடந்தது. அப்பா வெளியூர் ஆட்களைக் காலை வண்டியில் வரவழைத்தார். ஆனால் அவர்களை இறங்கவிடாமல் பிளாட்பாரத்தில் சிவப்புக் கொடியோடு கூலியாட்களின் தெருவே உட்கார்ந்திருந்தது.

"நம்ம வயக்கிட்ட வண்டி அஞ்சு நிமிஷம் நின்னாப் போதும்டா" என்றார் அப்பா.

ஸ்டேஷனுக்கு வெளியே, உள்ளே வர வழி கிடைக்கும்வரை வண்டிகளை நிறுத்திவைக்கும் கைகாட்டி ஒன்று உண்டு. அதன் கை இறங்கினால்தான் வண்டி நகரலாம். எங்கள் வயல் அதை ஒட்டித்தான் இருந்தது. கைகாட்டியை இயக்கும் பாயிண்ட்ஸ்மேனைக் காப்பி வாங்க அனுப்பிவிட்டு, நெம்புகோலில் நானே நின்றேன். கைகாட்டியை இறக்கவில்லை. வண்டி நின்றது. எஞ்சின் நீளமாக ஊதியது. மறுபடி ஊதியது. வழி கேட்கும் ஊதல் அது. கேட்டுக்கொண்டே நின்றேன். ஆட்கள் அரிவாளோடு வயலில் குதித்திருப்பார்கள் என்று தெரிந்த பிறகு இறக்கினேன்.

அந்த எஞ்சினை ஓட்டியவர், பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் தெருக்காரர். அந்தத் தெருவிலிருந்து எஞ்சினுக்குப் போன முதல் ஆள். கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்ந்து டிரைவராக உயர்ந்தவர். அவர் வண்டியை நிறுத்தினால் மடியில் இருக்கும் தூக்குவாளிப் பால் தளும்பாது என்பார்கள்.

வண்டி ஏன் வெளியே நின்றது என்று விசாரணை வந்தது. "கைகாட்டி இறங்கித்தான் இருந்தது, டிரைவர் தானாக நிறுத்தினார்" என்று எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டுக்கு, வளைவும் மூங்கில் தோப்பும் மறைத்ததால் எதுவும் தெரியவில்லை. எஞ்சினில் கூட இருந்த பயர்மேன் உண்மையைச் சொன்னார்; டிரைவருக்கு வேண்டியவர் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். டிரைவரை எஞ்சினிலிருந்து இறக்கி, ஷெட்டில் சாம்பல் வாரும் குழிக்கு அனுப்பினார்கள். அதைவிடக் கொடியது தெருவில் நடந்தது. எங்கள் பண்ணையிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டுக் கருங்காலிகளை இறக்கிவிட்டவன் என்று அவரை ஒதுக்கிவைத்தார்கள்.

டீசல் வந்தது. நானும் ஓய்வு பெற்றேன். மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்ப்பதற்கு முன்னால், பட்டறையில் பாதுகாத்து வைத்திருந்த ஒரு நீராவி எஞ்சினை ஒரு நாள் சுற்றுலா வண்டியாக ஓட்ட ஏற்பாடு செய்தார்கள். தண்ணீர் பிடிக்க எங்கள் ஸ்டேஷனில் நிற்கும். பழைய மாஸ்டர் என்று என்னைக் கொடி காட்ட அழைத்தார்கள்.

அழைப்பு வந்த வாரமே நடந்ததை நடந்தபடி ரயில்வே அலுவலகத்துக்கு எழுதினேன். பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு அந்த டிரைவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். கைகாட்டி இப்பத்தான் இறங்குச்சா?"

கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"ஆபீஸுக்கு எதுக்கு எழுதுனீங்க? ஆபீஸா என்னைக் கல்யாணத்துக்குக் கூப்புடாம விட்டுச்சு? இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்தத் தெருவுல எவனும் எனக்குப் பாக்கு வைக்கல. எங்க அக்கா மவ கல்யாணத்துக்கு ரோட்டுல நின்னு மேளம் கேட்டேன்."

எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால்தான் அது அழைப்பு.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றேன்.

"மாஸ்டரு நீங்க. எந்த லைனைக் கிளியர் பண்ணணும்னு நானா சொல்லணும்?"

அந்த நாள் வந்தது. முதலில் சத்தம் கேட்கவில்லை. பிளாட்பாரத்து சிமெண்டு பெஞ்சில் ஒரு நடுக்கம் தெரிந்தது. வயலில் மேய்ந்த கொக்குகள் ஒன்றாக எழுந்தன. மூங்கில் தோப்புக்கு மேல் புகை திரண்டு வந்தது, அதன் கீழே வளைவில் அந்தக் கரிய முகம் திரும்பியது. தினமும் பார்த்துச் சலித்த எஞ்சின்தான். ஆனால் அன்றுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கொஞ்சம் நெருப்பு, கொஞ்சம் தண்ணீர். அதற்கு இவ்வளவு இரும்பு கட்டுப்பட்டு நடக்கிறது. என் முன்னால் வந்து நின்று மூச்சு விட்டபோது சுடு எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். இதையா அன்று கட்டிப்போட்டுக் கதற வைத்தேன்?

பழைய டிரைவர் கூட்டத்தோடு சேராமல் வேப்பமரத்தடியில் நின்றார்.

லாரியில் வந்த தண்ணீர் எஞ்சினுக்கு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். சொன்னேன். ஆட்களை வரவழைத்தது என் அப்பா. கைகாட்டியை இறக்காதது நான். டிரைவர் இரண்டு தடவை வழி கேட்டு ஊதினார், நான் கொடுக்கவில்லை. பொய் எழுதியதும் நான். ஒலிபெருக்கி தெளிவாக இருந்தது.

யாரோ மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். முன்னால் நின்ற அவருடைய அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இத்தினி நாளு அந்த வாயில என்னத்த வச்சு அடைச்சிருந்தே?" பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "அவன் அப்பவே தலையில அடிச்சிக்கிட்டுச் சொன்னானேடா. நாம யாரு கேட்டோம்?"

எஞ்சினை ஓட்டி வந்த டிரைவர் இறங்கி, வேப்பமரத்தடிக்குப் போய் அவர் கையைப் பிடித்தார். "வந்து ஏறுங்கண்ணே."

படி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்காமலே ஏறினார். விசில் சங்கிலியை இழுத்தார். நீளமாக ஒன்று. மறுபடி ஒன்று. அதே ஊதல். நான் பச்சைக் கொடியை உயர்த்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தார். வண்டி துளிக் குலுங்கலும் இல்லாமல் நகர்ந்தது. யார் கை நகர்த்தியது என்று எனக்குத் தெரியாது.

அப்பாவின் பேரைச் சந்திக்கு இழுத்தேன் என்று என் தம்பி அன்றோடு பேச்சை நிறுத்தினான். அந்த ஆவணியில் அவர் தெருவில் ஒரு கல்யாணம். அவருக்குப் பாக்கு வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் கடைத்தெருவில் எதிரே வந்தார்.

"கல்யாணத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேன் சார். சோறு ஆறிப் போயிருந்திச்சு" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்தார்.