முனவர் பேகம் நிரப்பிய விசா படிவம்

ஓசூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, அப்துல் சலாமின் ஜெராக்ஸ் கடை ஓரமாக டைப்ரைட்டர் வைத்திருந்தார் முனவர் பேகம். ஊரில் தொழிற்சாலைகள் பெருகியதிலிருந்து வேலை விண்ணப்பம், ரேஷன் கார்டு மனு, பாஸ்போர்ட் படிவம் என்று அவர் விரல்களுக்கு ஓய்வே இல்லை. நிமிடத்துக்கு அறுபது சொல் அடிப்பார். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்கும் பொறுமைதான் கிடையாது.

1988இல் தளியிலிருந்து பூ விவசாயி திம்மப்பனும் அவர் மனைவி வெங்கடம்மாவும் வந்தார்கள். அவர்கள் மகள் சாந்தம்மா கணவனோடு வெளிநாட்டில் இருந்தாள். போய்ப் பார்க்கச் சுற்றுலா விசா வேண்டும்.

"எதுக்குப் போறீங்க?"

"டெலிவரிக்கும்மா," என்றார் திம்மப்பன்.

'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'டெலிவரி' என்று அடித்துவிட்டு முனவர் பேகம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. கொண்டுவரும் சரக்கின் பட்டியலை இணைக்க வேண்டுமாம்.

"ராகி மாவு நாலு கிலோ, மாங்கா ஊறுகா ரெண்டு ஜாடி, லேகியம் ஒரு டப்பா," என்றார் வெங்கடம்மா. எடை உட்பட எல்லாம் சுத்தமாக டைப் ஆகிப் போனது.

அடுத்த கடிதம் வந்தது. வியாபாரிகளுக்கான படிவம் வேறு. சரக்கை வாங்கும் நிறுவனத்தின் பெயரையும் தெரிவிக்கவும்.

திம்மப்பனுக்குப் பொறுக்கவில்லை. "நிறுவனமா? எம் பொண்ணும்மா அது! எட்டு மாசம் முழுகாம இருக்குது!"

முனவர் பேகத்தின் விரல்கள் நின்றன. பழைய நகலை எடுத்துப் பார்த்தார். "யா அல்லா! அந்த டெலிவரியா?"

"வேற எந்த டெலிவரி?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பு என்னுதுண்ணே. நானே மெட்ராசுக்குக் கூட வர்றேன்."

பஸ்ஸில் மடிமேல் காகிதம் வைத்துத் தமிழில் கேள்விகள் எழுதினார். யாரைப் பார்க்க? அவர் உங்களுக்கு என்ன உறவு? அங்கே போய் என்ன செய்வீர்கள்? எப்போது திரும்புவீர்கள்? ஏன் திரும்பியாக வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு வெங்கடம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டு எருமையப் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட விட்டுட்டுப் போறேன். ரெண்டு மாசத்துக்கு மேல இருந்தா அவளே வச்சுக்குவா."

இந்த முறை முனவர் பேகம் ஒரு சொல் விடாமல் கேட்டு எழுதினார்.

தூதரகத்தில் இருந்த தமிழ் அதிகாரி எருமை வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "திரும்பி வருவாங்களான்னுதான் எங்களுக்குச் சந்தேகமே வரும். இவங்க கண்டிப்பா வந்துடுவாங்க," என்றவர், கேள்வித்தாளில் தனக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். விசா கிடைத்தது. பேரன் பிறப்பதற்கு நான்கு நாள் முன்பே இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அதன்பின் அந்தத் தாளை நிரப்பாத யாருக்கும் முனவர் பேகம் விசா படிவம் டைப் செய்ததில்லை. பத்து வருடத்தில் திரும்பி வந்த படிவம் ஒன்றே ஒன்று. தனக்கு மட்டும் விசா கேட்ட கங்கப்பன், மனைவியும் சேர்ந்து நிற்கும் கல்யாணப் போட்டோவை ஒட்டியிருந்தார்.

"ஏண்ணே இப்படி?" என்று கேட்டார் முனவர் பேகம்.

"அவ இல்லாத போட்டோ எங்கிட்ட இல்லம்மா," என்றார் கங்கப்பன்.