பீப் சத்தத்தை நான் அணைத்துத்தான் வைத்திருந்தேன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். இயற்பியல் படித்தவள். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால்கூடக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி கோலார் தங்கவயலுக்கு வந்தேன். அங்கே பாலகாட் என்ற சுரங்கக் குடியிருப்பில் வீடு. கணவர் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நாலு வயது மகள் நிலாவுக்கு வீசிங். அவர் இல்லாத நேரத்தில் மூச்சுத் திணறினால் ராபர்ட்சன்பேட்டை டாக்டரிடம் நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோக வேண்டும். இங்கே சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரியும், பதற்றத்தில் வழி தப்பினால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் வழி சொல்லும் ஆப் தேடினேன்.

என் போன் கணவர் வைத்திருந்து தந்த பழையது. ஒரு பெரிய ஆப்பைத் திறந்தாலே போன் உறைந்து நின்றது, இன்னொன்றில் தமிழ் இல்லை. கடைசியில் கிடைத்தது சின்னது, நெட் இல்லாமலும் தமிழில் வழி சொல்லும். அதற்கு இடம் பண்ண நிலா கைக்குழந்தையாக இருந்த படங்களில் பாதியை அழித்தேன், அழித்துவிட்டுச் செய்தது சரியா என்று தூக்கம் வராமல் கிடந்தேன். திருப்பத்துக்கு முன்னால் 'பீப்' என்று கத்தும், குழந்தை திடுக்கிடுகிறாள் என்று அதை மட்டும் அணைத்தேன்.

மாமனார் விடுவாரா? "இன்னாம்மா, நாங்க பூமிக்கு அடியிலயே வழி தப்பாம வந்தவங்க, நீ ரோட்டு மேல போறதுக்குப் போனைக் கேக்குறியா?"

அவர் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்தவர். வீட்டிலும் அதே பழக்கம். நிலா ஓடினால் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டுவார், அவள் அப்படியே நிற்பாள். ஒரு மணி என்றால் நில். மூன்று என்றால் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள், பார்த்துப் போ.

அன்று சாயங்காலம் நல்ல மழை. நிலாவுக்கு இழுப்பு வந்தது, இன்ஹேலருக்கும் அடங்கவில்லை, உதடு நிறம் மாறிற்று. ஆட்டோ ஒன்றும் இல்லை. அவளை முதுகோடு சேர்த்து துப்பட்டாவால் கட்டிக்கொண்டேன்.

"நீ போய்க்கினே இரு கண்ணு, நான் பின்னாலயே வர்றேன்" என்றார் மாமனார்.

ஒரு காதில் இயர்போன். பெரிய ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் நான் திரும்ப, ஆப் என்னை, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டை ஒட்டிய மண்பாதைக்குக் கொண்டுபோனது. முதுகில் நிலாவின் மூச்சு விசில் போல இழுக்கிறது, காதில் 'நேராகச் செல்லவும்' என்கிறது, நானும் வேகம் கூட்டினேன்.

அப்போது மணி அடித்தது. இரும்பில் இரும்பு பட்ட சத்தம், ஒரே ஒரு அடி, இயர்போன் இருந்த காதில்.

நம்பினால் நம்புங்கள், நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. ஸ்கூட்டர் வெளிச்சத்தில் பார்த்தால் எதிரே பாதை இல்லை. மண் உள்வாங்கியிருந்தது, மழைத்தண்ணீர் அதற்குள் கொட்டுகிறது, அடியில் விழுகிற சத்தமே கேட்கவில்லை. ஆப் மட்டும் நிதானமாகச் சொன்னது, 'நேராகச் செல்லவும்.'

வண்டியைத் திருப்பினேன். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் மறுபடி மணி. இந்த முறை மூன்று.

மரத்தை அதற்குள் கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள், இடுக்கில் நுழைந்து போய்ச் சேர்ந்தேன். நெபுலைசர் வைத்ததும் நிலாவின் முகம் தெளிந்தது. மாமனார் நனைந்தபடி வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"உன் போன்ல மணியா? ஏன்மா, போனும் மைன்ல வேலை பாத்து பென்ஷன் வாங்குதா?" என்று சிரித்தார்.

"முதல்ல ஒண்ணு மாமா. திரும்பினப்புறம் மூணு."

சிரிப்பு நின்றது. "மூணு நாங்க சும்மா அடிக்க மாட்டோம்மா. ஆளு ஏறினாத்தான்."

அங்கேயே செட்டிங்கைப் பார்த்தேன். பீப் அணைந்துதான் இருந்தது. அந்த ஆப்பில் மணிச் சத்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்தப் பள்ளம் பழைய சுரங்கக் குழியாம், பிறகு வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். ஆப்பை அழிக்கலாமா என்று தினமும் யோசிக்கிறேன், அழிக்கப் பயம், வைத்திருக்கவும் பயம்.

அதைவிட ஒன்று. முன்பெல்லாம் நிலா பின்சீட் முழுக்க நகர்ந்து ஆடுவாள். அன்றிலிருந்து ஏறியதும் என் முதுகோடு ஒட்டிக்கொள்கிறாள். "ஏன்டி இப்படி நெருக்குற, பின்னால எவ்ளோ எடம் இருக்கு?" என்று போன வாரம் கேட்டேன்.

"அது நமக்கில்லம்மா" என்றாள்.