நிமிர்த்தி வைத்த தொண்ணூறு பூமிகள்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பட்டறையிலும் தெருவிலும், கோபம் வந்தால் வீட்டிலும், அவர் ரசமட்டம்தான். கொத்தனார் சுவரில் வைத்துக் கோணல் பார்க்கிற அந்தக் கருவிக்காவது சாயங்காலம் ஓய்வு உண்டு. இவருக்கு அதுவும் கிடையாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, சுவரில் சாய்ந்து தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார். ஒருமுறை பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காலரைச் சரிசெய்யப் போய், அடி வாங்காமல் இறங்கியதே பெரிய பாடாகிவிட்டது. இந்த மனிதர் கையில் நாய் ஒன்று சிக்கினால் அதன் வால் என்ன கதியாகுமோ என்று தெருவே கவலைப்பட்டது.

பட்டறையில் பள்ளிக்கூடங்களுக்கான சாமான்கள் செய்தார்கள். தராசு, காந்தம், பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பூமி உருண்டை. ரசமட்டத்துக்கு இருபத்தாறு வருடமாக எலும்புக்கூடு மேசை. அவர் கோத்த எலும்புக்கூடுகள் பட்டாளத்தில் சேரப் போகிறவை மாதிரி விறைப்பாக நிற்கும். எதிர் மேசையில் பூமி உருண்டை செய்பவரை எல்லோரும் 'உலகம்' என்று கூப்பிட்டார்கள். இவரைவிடப் பத்து வயது இளையவர், அதிர்ந்து பேசாதவர், பேசும்போது தலை ஒரு பக்கம் சாயும். அந்தத் தலையை ஒரே ஒரு முறை நிமிர்த்தி வைத்துவிட ரசமட்டத்தின் கை பல வருடமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

உலகம் மனைவியின் பிரசவத்துக்காக ஒரு வாரம் லீவு எடுத்தார். அந்த ஒரு வாரத்துக்கு அவருடைய மேசையில் ரசமட்டத்தை உட்கார வைத்தார்கள். சுலபமான வேலைதான். உலகம் முடித்து வைத்துவிட்டுப் போயிருந்த தொண்ணூறு உருண்டைகளையும் துடைத்து, விளக்கத் தாளை மடித்துச் செருகி, பெட்டியில் போட வேண்டும். சனிக்கிழமை மதியம் லாரி வரும்.

திங்கள்கிழமை காலை முதல் உருண்டையைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடிப்பலகையிலிருந்து எழும்புகிற தண்டு சாய்ந்திருந்தது. இரண்டாவதும் சாய்வு, மூன்றாவதும் சாய்வு. தொண்ணூறும் ஒரே பக்கமாக, ஒரே அளவாகச் சாய்ந்து நின்றன. வேறொருவராக இருந்தால், ஒரே அளவாக இருக்கிறதே, ஏதாவது காரணம் இருக்கும் என்று யோசித்திருப்பார். ரசமட்டமோ, தலை சாய்ந்தவன் செய்தது வேறு எப்படி இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். பிறகென்ன, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒவ்வொரு தண்டையும் பிடிகருவியில் இறுக்கி, மரச் சுத்தியலால் பக்குவமாகத் தட்டி நிமிர்த்தினார். மேசையில் கோணலாக அறுத்த மரத்துண்டு ஒன்று கிடந்தது. அதை ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் தொண்ணூறு பூமிகளும் செங்குத்தாக நின்றன. அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. முதலாளியின் அறைக்குப் போய், இத்தனை வருடமாக நம் பட்டறை கோணல் சரக்கை அனுப்பி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது என்று புகாரும் வைத்தார். முதலாளிக்குப் பூமியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் விலைதான். அவர் ரசமட்டத்தின் தோளைத் தட்டி, நீங்கதான் இனி மேற்பார்வையாளர் என்றார். "அவன் திங்கக்கிழமை வரட்டும், சீட்டைக் கிழிச்சு அனுப்பிடறேன்" என்றார். பிரசவித்த வீடாயிற்றே என்று ரசமட்டத்துக்கு உள்ளே லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனால் மேற்பார்வையாளர் என்ற சொல் அந்த உறுத்தலைவிட இனிப்பாக இருந்தது.

பெருமையைக் காட்ட ஓர் உருண்டையைப் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துப் போனார். அவருடைய மனைவி வீட்டிலேயே சலவைக் கடை நடத்துகிறவர். கொல்லையில் பன்னிரண்டு கொடிகள், முன்னறையில் இஸ்திரி மேசை. அந்த அம்மாள் உருண்டையைப் பார்க்கவில்லை, முதலில் பெட்டியிலிருந்த விளக்கத் தாளைப் பிரித்துப் படித்தார். ஐந்து நாளில் தொண்ணூறு முறை அதை மடித்தவர் ஒரு முறைகூடப் படித்ததில்லை.

"இதுல இருபத்து மூணரை டிகிரி சாஞ்சிருக்கணும்னு போட்டிருக்கே. அதனாலதான் வெயில் காலமும் குளிர் காலமும் மாறி மாறி வருதாம்."

ரசமட்டம் சிரித்தார். பூமி சூரியனுக்குக் கிட்டே போனால் வெயில், எட்டிப் போனால் குளிர், இதற்குப் போய்ச் சாய்வு எதற்கு என்று விளக்கினார். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கிட்டப் போனா எல்லாருக்கும்தானே சுடணும்? நாம ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். பூமியோட கீழ்ப் பாதியில இருக்கிற என் தம்பி நேத்துத்தான் போன்ல, வேர்த்துக் கொட்டுதுக்கான்னு புலம்பினான். அவன் மட்டும் தனியா கிட்டப் போயிட்டானா? பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றதே இந்த ஜனவரியிலதானாம், அதையும் இதுல போட்டிருக்கான்."

மச்சினனை எப்போதும் குறை சொல்லியே பழகிய ரசமட்டம், முதல் முறையாக அவன் ஊர் எங்கே இருக்கிறது என்று உருண்டையில் தேடினார்.

சாப்பாட்டு மேசையில் மூடியில்லாத விளக்கு ஒன்றை ஏற்றி வைத்தார்கள். துணியில் குத்துகிற அடையாளச் சீட்டில் சிவப்பை அவர்கள் ஊரின் மேலும், நீலத்தைத் தம்பி ஊரின் மேலும் ஒட்டினார்கள். ரசமட்டம் நிமிர்த்திய பூமியை ஏந்தி விளக்கைச் சுற்றி வந்தார். எங்கே நின்று உருண்டையைச் சுழற்றினாலும் சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்சம் அதே மாதிரிதான் விழுந்தது. வருடம் முழுக்க ஒரே காலம். பிறகு அந்த அம்மாள் உருண்டையின் தலையைச் சாய்த்துப் பிடித்து, "சாய்வு திசை மாறாதுன்னு போட்டிருக்கு. இது எப்பவும் குளியலறைக் கதவையே பார்க்கணும், நீங்க எங்க போனாலும்" என்றார். பழக்கதோஷம், ரசமட்டம் இரண்டு தடவை தலையை நிமிர்த்தினார். ஒரு தடவை விளக்கின் பக்கமாகத் திருப்பினார். மூன்று தடவையும் கையில் ஓர் அடி விழுந்தது.

நாலாவது சுற்று ஒழுங்காக நடந்தது. மேசையின் இந்தப் பக்கம் நின்றபோது தலை விளக்கை நோக்கிக் கவிந்து, சிவப்புச் சீட்டில் வெளிச்சம் நேராக விழுந்தது. எதிர்ப் பக்கம் போனதும் தலை விளக்கைவிட்டு விலகிச் சாய்ந்தது. நீலம் பளிச்சென்றிருக்க, சிவப்பின் மேல் வெளிச்சம் சரிந்து பரவி வெளுத்துப் போயிற்று. உருண்டையைச் சுழற்றினால் சிவப்பு இருட்டில்தான் அதிக நேரம் கிடந்தது.

"கொல்லையில இதைத்தானே வருஷா வருஷம் பார்க்கிறேன்" என்றார் மனைவி. "வெயில் காலத்துல சூரியன் உச்சிக்கு வரும், துணி ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். இப்ப பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டவே அதுக்கு முடியலை, சீக்கிரம் போயும் போயிடுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க பூமியையே கோணல்னுட்டீங்க."

ரசமட்டம் நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்ணூறு பள்ளிக்கூடங்களில் காலமே மாறாத பூமி சுற்றப் போகிறது. அதுகூட அப்போது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சரியாக வேலை செய்த ஒருவனுடைய வேலைக்குத் தன் வாயாலேயே உலை வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதை மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். ரசமட்டம் மேசைக்காலுக்கு அடியிலிருந்த மரத்துண்டை உருவி, கோணமானியால் அளந்து பார்த்தார். சரியாக இருபத்து மூன்றரை. உலகத்தின் அளவுகட்டையே அதுதான். மனைவி பெட்டியைப் பிரித்துக் கொடுக்க, இவர் தண்டைப் பிடிகருவியில் வைத்து வளைத்தார். வாழ்நாளில் எதையும் வளைத்தறியாத மனிதர், முதல் பத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டார். லாரி வந்து நின்றபோது கடைசிப் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி வந்ததும் ரசமட்டம் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். நேத்துக் கோணல்னீங்களே என்றார் முதலாளி. "கோணல்தாங்க. அந்தக் கோணல் இல்லேன்னா நமக்கு வெயில் காலமும் இல்லை, குளிர் காலமும் இல்லை. தப்பு என்னோடது. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்கு அப்பவே தெரியும், நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன் என்றார் முதலாளி, மீசையில் மண் ஒட்டாமல். மேற்பார்வையாளர் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.

திங்கள்கிழமை உலகம் வந்தார், பெண் குழந்தை என்றார். வீட்டுக்குப் போய் வந்த உருண்டை மட்டும், சீட்டு ஒட்டிய தடம் போகாததால் லாரியில் ஏறாமல் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அளவுகட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, மயிரிழைகூடப் பிசகவில்லையே, யார் செய்தது என்று கேட்டார். ரசமட்டம் நிமிர்த்தியதையும் வளைத்ததையும் சொன்னார். முதலாளியிடம் வைத்த புகாரையும் மறைக்கவில்லை.

உலகம் உருண்டையைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "நிமிர்த்தினது போகட்டும்ணே. என்கிட்ட ஒரு போன் போட்டு ஏன் சாய்வா இருக்குன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவியே" என்றார் ரசமட்டம். "அப்புறம் நான் எப்படி நிமிர்த்துறது?"

உலகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவர் ரசமட்டத்தோடு வேறு பேச்சுப் பேசவில்லை.