பஷீர் எடுத்துக்கொண்ட 10,00,009

1. 10,00,009 ஒரு பகா எண்.
2. அதை பஷீரிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.
3. பஷீர் என் நண்பன்.

ஆயிரத்துக்குக் கீழுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் கையாலேயே வகுத்துப் பார்த்திருந்தேன். எதிலும் மீதியின்றி வகுபடவில்லை. ஆனாலும் எங்கள் ‘தினம் ஓர் எண்’ வாட்ஸ்அப் குழுவில் போடத் தயங்கினேன். இன்னொரு முறை சரிபார்க்க வேண்டுமே.

இன்று காலை அது குழுவில் வந்திருந்தது, பஷீரின் கண்டுபிடிப்பாக.

ஜூ டவுன் சாயாக்கடையில் அவனிடம் கேட்டேன்.

“நீ பயந்து பயந்து போடவே மாட்டேடா. அதான் நான் போட்டேன். இன்னிக்கு சாயா நான் வாங்கித் தரேன், போதுமா?” என்று சிரித்தான்.

குடிக்காமல் வீட்டுக்கு வந்து மறுபடி வகுத்தேன். 293-ஐ விட்டிருக்கிறேன். அதை 3413-ஆல் பெருக்கினால் அதே எண் வருகிறது.

குழுவில் பஷீருக்கு இன்னும் கைதட்டுகிறார்கள்.

ஆக, முதல் குறிப்பு தவறு. மூன்றாவதை நீங்களே சொல்லுங்கள்.