பேய் சாரும் அக்காவின் கையும்

அன்றைக்கு எண்ணூர் பங்களாவின் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: படத்தை எடுத்த டைரக்டர் அம்மா, அவர் இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்த சவுண்டுக்காரர், மேக்கப் போடும் பெண், கதாநாயகியாக நடித்த இன்னொரு பெண், பேயாக நடித்த பெரியவர். ஐந்து பேரும் வெள்ளைக்காரர்கள். நம் ஆட்களில் பெரம்பூர்க்காரரான கேமராமேன் தம்பி, செலவுகளைப் பார்த்துக்கொண்ட மேனேஜர், வேன் ஓட்டிய நான். ஆக எட்டு. கூடத்தின் நடுவே சவப்பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் என் அக்கா. அவளைச் சேர்த்தால் ஒன்பது. சேர்க்கலாமா கூடாதா என்று எனக்குள் ஒரே சங்கடம். உயிரோடு இருப்பவளை எண்ணாமல் விடுவது சரியில்லை, பெட்டிக்குள் கிடப்பவளை எண்ணுவதும் சரியாகப் படவில்லை. கடைசியில் ஒன்பது என்றே முடிவு செய்து, விரலை மடக்கி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

நான் அப்படிப்பட்ட ஆள். வண்டியைப் பூட்டிவிட்டு நாலடி நடந்த பிறகு திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன், அதனால் எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் நாலு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் போடுவேன். அக்கா எனக்கு நேர் எதிர். ராயபுரத்தில் ஒரே காம்பவுண்டில் எங்கள் வீடும் அவள் வீடும் எதிரெதிராக இருந்தன. காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் அவளுக்கு வேலை. விடியும் முன் போய் ஐஸ் தண்ணீரில் கையை விட்டால் மத்தியானம்தான் வெளியே எடுப்பாள். இருபது வருஷம் அப்படி ஊறி, அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கி, நகத்தடியில் ரத்தமே ஓடாத மாதிரி இருக்கும்.

அந்தக் கையால்தான் எல்லாம் வந்தது. படக் கம்பெனி சின்னக் கம்பெனி. பதினெட்டு நாளில் ஒரு முழுப் படத்தையும் முடித்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கடலோர பங்களாவில் செத்துப்போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் அங்கேயே பேயாக அலைகிறார், அவர் வீட்டில் வேலை செய்த ஆயாவும் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வருகிறாள் என்பது கதை. மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய ஆபீசர் பங்களாவைப் பிடித்திருந்தார்கள். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு புகைபோக்கி வந்து நிற்கும், நூறு வருஷத்துக்கு முன்னால் அது ஏது என்று கேமராமேன் தம்பி தலையில் அடித்துக்கொள்வார். பனிமூட்டம் போடும் மெஷின் இரண்டாம் நாளே படுத்துவிட்டது. அப்புறம் நான்தான் தினமும் திருவொற்றியூரில் கிலோக் கணக்கில் சாம்பிராணி வாங்கிப் போனேன். பயங்கரமான காட்சி எடுக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டிய வாசனை அடிக்கும்.

ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா, யாரோ கொடுத்த டீயை வாங்கிக் குடித்தாள். டம்ளரைப் பிடித்திருந்த கையை டைரக்டர் அம்மா பார்த்தார். மேக்கப் போடும் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மேனேஜர் வந்து, "பொணமா படுக்கணும், கைய மட்டும் தூக்கணும், ஒரு நாளு, ஆயிரத்து ஐந்நூறு" என்றார்.

"கம்முனு படுத்துகினு இருக்கிறதுக்கு ஆயிரத்து ஐந்நூறா? தெனமும் கூப்பிடுங்க, வரேன்" என்றாள் அக்கா.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அக்காவுக்கு வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். அது எந்த மாதிரிக் கட்டி என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவளைப் பெட்டியில் படுக்க வைப்பதா? அதுவும் நிஜப் பெட்டி. சினிமாவுக்கு என்று தனியாகச் செய்யக் காசில்லாமல், ராயபுரத்தில் சவப்பெட்டி செய்யும் ஆசாரியிடமே வாங்கிவிட்டார்கள். வேனின் பின்கதவைக் கயிற்றால் கட்டி அதை ஏற்றிப் போனவனும் நானே.

வியாழக்கிழமை அந்தக் காட்சியை எடுத்தார்கள். அக்கா பெட்டியில் படுத்தாள், கையைத் தூக்கினாள், கதாநாயகி அலறினாள். நாலு தடவை எடுத்து முடிப்பதற்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. கடற்கரைக் காட்சி பாக்கி என்று எல்லோரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா தூங்கிப்போயிருந்தாள். தோளைத் தட்டினேன், அசையவில்லை. இன்னொரு தடவை பலமாகத் தட்டியதும், "இன்னாடா, முடிஞ்சிச்சா?" என்று எழுந்து, முகத்தில் பூசிய வெள்ளை மாவைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அவள் பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர் ஷூட்டிங்குகளுக்கு நிறைய வண்டி ஓட்டியிருக்கிறேன். பிணமாக நடித்தவர் எழுந்ததும் ஒரு பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அவர் அதே கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்த பிறகுதான் அடுத்த வேலை. எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் சிரிக்காமல் போகமாட்டார். கேமரா கடைசியாகப் பார்த்தது செத்த முகமாக இருக்கக் கூடாது என்பது கணக்கு. என் அக்காவை அந்தக் கேமரா செத்த முகத்தோடு விட்டுவிட்டது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு. வெள்ளக்காரன் படத்துக்கு ஏதுய்யா பூசணிக்கா? போய் ஜெனரேட்டர இறக்கு" என்றார். வெள்ளிக்கிழமை முழுக்க டைரக்டர் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என்ன வேண்டும் என்று இரண்டு தடவை சைகையால் கேட்டார். இரண்டு தடவையும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அன்றோடு படம் முடிந்தது. சனிக்கிழமை வாடகைக் கேமராவை வடபழனியில் ஒரு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே பேய் சாரை விமான நிலையத்தில் விட வேண்டும்.

பேய் சார் என்று நாங்கள் கூப்பிட்டது அந்தப் பெரியவரைத்தான். எழுபது வயது இருக்கும். நல்ல உயரம். பேயின் கறுப்புக் கோட்டு ஒன்றே ஒன்றுதான் என்பதால் தினமும் அவரே துவைத்து லாட்ஜ் பால்கனியில் காயப்போடுவார், அதைப் பார்த்துக் கூட்டுகிற அம்மா ஒருநாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். எண்ணூர் வெயிலில் முகத்து வெள்ளைப் பூச்சு கழுத்துவரை வழியும், ஒரு வார்த்தை குறைசொல்ல மாட்டார். பதினெட்டு நாளும் என் பக்கத்து சீட்டில், மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். நான் முப்பதுக்கு மேல் போகமாட்டேன். என் வண்டியில் ஏறி, கொஞ்சம் வேகமாகப் போகக் கூடாதா என்று கேட்காத ஒரே ஆள் அவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. காலையில் அவர் "சரி சரி" என்பார், நானும் "சரி சரி" என்பேன், வண்டி கிளம்பும்.

சனிக்கிழமை காசிமேடு வந்ததும், நேராகப் போக வேண்டிய வண்டியை இடது பக்கம் திருப்பினேன். யாரையும் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"இன்னாண்ணா, ரூட்டு மாறுது?" என்றார் பின்னால் கேமராவை மடியில் வைத்திருந்த தம்பி.

சொன்னேன். ஆபரேஷன், பெட்டி, சிரிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "லேட்டானா இன்னொரு நாள் வாடகைண்ணா, மேனேஜர் என் சம்பளத்துல கை வெச்சுடுவாரு" என்று புலம்பியவர், நான் அழுவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பேய் சார் ஏதோ கேட்டார். தம்பி இங்கிலீஷில் விளக்கினார். பெரியவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி சரி" என்றார்.

ஷெட்டில் பன்னிரண்டு பெண்கள் இறால் மலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

"அறிவு கீதாடா உனக்கு? இதுக்கா அந்த மனுசன இட்டுகினு வந்த?"

"ஒரே ஒரு தபா சிரிச்சுடுக்கா. போயிடறோம்."

தம்பி கேமராவை நிறுத்தினார். அக்கா பல்லைக் காட்டினாள். அது சிரிப்பே இல்லை. இன்னொரு முறை முயன்றாள், உதடு மட்டும் அகன்றது. பிறகு தலையைக் குனிந்து ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"வரலடா. பொட்டில படுத்தப்போ பயமே இல்ல தெரியுமா? நல்லா இருந்துச்சு. யாரும் கூப்பிடல, எந்த வேலையும் இல்ல, அப்படியே தூங்கிட்டேன். வூட்டுக்குப் போனப்புறம்தான் பயம் வந்துச்சு. அது எப்படி அவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு."

என் நாற்பத்தைந்து வயதில் அக்கா பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை வீட்டுக்குத் தேவையான பயம் முழுவதையும் நானே பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தேன்.

பேய் சாருக்கு எதுவும் விளங்கியிருக்காது. ஆனாலும் மீன் போடும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, நீளக் கால்களை மடக்கி அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தம்பியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தம்பி எங்களுக்குச் சொன்னார்: "சார் இதுவரைக்கும் படத்துல முப்பத்தேழு தபா செத்திருக்காராம். எல்லாம் சின்னச் சின்னப் பேய்ப் படம். தூக்குல தொங்கியிருக்காரு, கெணத்துல வியுந்திருக்காரு. ஒரு தபா கூட யாரும் எழுப்பி சிரிக்கச் சொன்னதில்லயாம். அவரும் சேந்து சிரிக்கலாமான்னு கேக்கறாரு."

முப்பத்தேழு சிரிப்பு பாக்கியா என்று நான் விரலை மடக்க ஆரம்பித்தேன். அக்கா தலையை நிமிர்த்தி அந்தப் பெரியவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பத்தேளு தபாவா? அத்தினி தபா செத்தும் ஒயுங்கா சாவத் தெரியலியா இந்த மனுசனுக்கு?"

முதலில் எதிரில் இருந்த பெண் சிரித்தாள். அப்புறம் ஷெட்டே சிரித்தது. தம்பி தானும் சிரித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொல்ல, பேய் சார் ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தார். அதைப் பார்த்து அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் சேத்து ஒரே தபா சிரிச்சுடு சார், கணக்கு முடிஞ்சுரும்" என்று ஐஸ் கையால் அவர் முழங்காலில் தட்டினாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

வடபழனிக்கு ஒன்றே முக்காலுக்குப் போனோம். தம்பியின் சம்பளத்தில் பிடித்தார்கள். நான் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. விமான நிலையத்தில் பேய் சார் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் தெரிந்த வார்த்தை ஒன்றுதான், அதைச் சொல்லிக்கொண்டோம்.

அக்காவின் கட்டி ஆபத்தில்லாத கட்டி. எடுத்தவர் டாக்டர், எனக்குத் தெரியும். சிரிப்பால் கட்டி கரைந்தது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சிரிக்காமல் அவளை உள்ளே அனுப்பியிருந்தால் அந்த நாலு மணி நேரம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என்னால் நின்றிருக்க முடியாது, அவ்வளவுதான். மறுவருஷம் படம் போனில் வந்தது. ஷெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பெட்டியிலிருந்து கை எழும்போது எல்லோரும் வீல் என்று கத்த, அக்கா மட்டும், "நகத்த வெட்டிகினு போயிருக்கலாம்" என்றாள். அந்தப் பங்களா இப்போது இல்லை. இடித்துச் சமமாக்கி, கன்டெய்னர் லாரிகள் நிறுத்துகிறார்கள்.

போன மாதம் கேமராமேன் தம்பி போன் செய்தார். பேய் சார் காலமாகிவிட்டார், தூக்கத்திலேயே. அவர் சொல்லிக் கேட்டிருந்த மகள், அந்தச் சிரிப்பைத் தம்பியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம், அடக்கத்தன்று சர்ச்சில் அவர் நடித்த படங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் காட்டிவிட்டுக் கடைசியாக இறால் ஷெட்டில் அவர் சிரித்ததைப் போட்டார்களாம். அங்கே வந்திருந்த யாருக்கும் தமிழ் தெரியாது, ஆனாலும் அக்கா பேசியதும் எல்லோரும் சிரித்தார்களாம்.

ஷெட்டுக்கே போய் அக்காவிடம் சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் காசு தரணும் அவரு" என்றாள்.

சிரித்த அன்றைக்கு ஷெட்டிலிருந்து கிளம்பும்போது பேய் சார், இதுவும் ஷூட்டிங்தானே, கூலி எவ்வளவு என்று தம்பி மூலம் கேட்டிருக்கிறார். படுத்ததுக்கு ஆயிரத்து ஐந்நூறு, சிரித்ததுக்கு ஐந்நூறு போதும் என்று அக்கா விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். அவர் பையில் நம் ஊர்ப் பணம் தீர்ந்துபோயிருந்தது. நெஞ்சில் கைவைத்து, அனுப்புகிறேன் என்றாராம். நான் வேனைத் திருப்பி நிறுத்தப் போயிருந்த நேரம், எனக்குத் தெரியாது.

"நான் குடுத்துடறேன்கா" என்றேன். கொடுக்காமல் போனால் அவருக்கு அங்கே ஏதாவது ஆகுமோ என்று அதற்குள் பர்சைத் திறந்துவிட்டேன்.

"நீ ஒண்ணும் குடுக்க வேணாம். அவரே வந்து குடுக்கட்டும். அத்தினி படத்துல பேயா வந்தவரு, இங்க வர வழி தெரியாதா அவருக்கு?" என்று இறாலை எடுத்தாள்.

பர்சிலிருந்து எடுத்த நோட்டை மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டேன். பாக்கி அப்படியே இருக்கிறது, ஐந்நூறு ரூபாய்.